கடைமடையிலிருந்து கணக்கைத் தொடங்கு!

தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம் என்று எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் காட்சி ஒன்றுதான். நேற்றுவரை நெல் விளைந்த வயலில் வரிசையாக வெள்ளையடித்த கல். கல்லுக்குக் கல் கலர்க் கொடி. நுழைவாயிலில் ஒரு வளைவு. வளைவில் சாரல், அருவி, தென்றல் என்று ஏதாவதொரு பெயர், பின்னாலேயே ஒரு ‘நகர்’. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்ட பிறகு இந்தக் கொடிகள் இன்னும் வேகமாக முளைக்கின்றன. மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகம் வரும், அதிகாரி வருவார், நில விலை ஏறும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நமக்கு இதிலென்ன சோலி என்று சில தோழர்கள் கேட்கலாம். நிலம் நம்முடையது இல்லை. விற்கிறவன் நாமில்லை. வாங்கப் போகிறவனும் பெரும்பாலும் நாமில்லை. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டவள் நம் அம்மா. அந்த நகருக்குப் போகிற குழாய் நம் தெருவைத் தாண்டித்தான் போகும். அந்த நகரின் சாக்கடை நம் தெருவைத் தேடித்தான் வரும். அங்கே செப்டிக் டேங்க் நிறைந்தால் கூப்பிடப் போவதும் நம் ஆட்களைத்தான். பத்திரத்தில் நம் பெயர் கிடையாது. விளைவுகள் அத்தனையிலும் உண்டு. ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

வயல் எப்படி மனையாகிறது? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. முழுமைத் திட்டம் போடப்பட்ட இடமென்றால், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அந்த வரைபடத்தில் ஒரு பயன்பாடு குறித்திருக்கும்: விவசாயம், குடியிருப்பு, வணிகம், தொழில். விவசாயம் என்று குறித்ததைக் குடியிருப்பு என்று மாற்றக் கேட்டு நில உரிமையாளர் விண்ணப்பம் போடுவார். திட்டமே இல்லாத பகுதியென்றால் அதே சட்டத்தின் 47-அ பிரிவும், 2017இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் இருக்கின்றன. வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை, நீர்வளத் துறை என்று கருத்துக் கேட்டுக் கோப்பு சுற்றும். உள்ளாட்சியின் மேசைக்கும் அது வரும். மலையடிவாரத்தில் பட்டியலிடப்பட்ட கிராமம் என்றால் 1990இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவும் வேண்டும்.

இத்தனை மேசையிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தனை வீடு வந்தால் தண்ணி எங்கேயிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்? மழைத் தண்ணி எப்படி வடியும்? பிணத்தை எந்தப் பாதையில் கொண்டு போவது? அதிகாரிகளின் பாஷையில் இதற்குப் பெயர் ‘பொதுச் சேவைகளின் தாங்குதிறன்’. நம் பாஷையில் சொன்னால், ‘இந்த ஊரு தாங்குமா?’

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இந்த நாட்டில் அது எப்போது கேட்கப்படுகிறது, யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது, யாரிடமிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருநூறு மனை கொண்ட ஒரு நகர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஆயிரம் பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் குழாய்த் தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் 135 லிட்டர் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு நெடுங்காலம் சொல்லிவந்த அளவு. குறைந்த அளவையே எடுத்தாலும் அந்த நகருக்கு நாளைக்கு 70,000 லிட்டர் வேண்டும். உபயோகிக்கும் தண்ணீரில் எண்பது விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. ஆக, நாளைக்கு 56,000 லிட்டர் கழிவுநீர். அது ஒரு பக்கம் போய்த்தானே ஆக வேண்டும்? விளம்பரப் பலகையில் ‘குற்றாலச் சாரல் உங்கள் வாசலில்’ என்று போடுகிறவன், இந்த 56,000 லிட்டர் யார் வாசலில் என்று போடுவதில்லை.

ஒரு நகர் என்றால் ஊர் தாங்கிவிடும். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுமே தாங்கக் கூடியதுதான். அந்தச் சாலையில் இருபது விண்ணப்பம் இருபது கோப்புகளில் இருபது தேதிகளில் போகிறது. இருபதையும் ஒரே மேசையில் பரப்பி மொத்தமாகக் கூட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கூட்டினாலும் எந்த மக்கள்தொகையோடு கூட்டுவது? 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆண்டு எடுக்கப்படவே இல்லை. தென்காசி மாவட்டமாகப் பிறக்கும் முன்பே, 2011இல் எடுத்த எண்களை வைத்துக்கொண்டு ஊரின் தாங்குதிறனை அளக்கிறார்கள்.

குற்றாலத்தில் இன்னொரு வேடிக்கை. நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை வைத்துப் பார்த்தால் அது ஒரு சிறிய பேரூராட்சி. சூன் முதல் ஆகஸ்டு வரை சீசன் தொடங்கிவிட்டால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று லட்சக்கணக்கில் சனம் வந்து போகும். அத்தனை பேரும் குளிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கழிப்பறைக்குப் போகிறார்கள். குடியிருக்கும் தலையை மட்டும் எண்ணி, வந்து போகும் தலையை விட்டுவிட்டால் அது கணக்கே இல்லை. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு போய்ச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. மேலே குளித்த தண்ணீரும் மேலே விட்ட கழிவும் கீழே இருக்கிறவனுக்குத்தான் வந்து சேரும். சொகுசு விடுதிகள் இயற்கை ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிக்கொண்ட விவகாரம் 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போனது. அருவியையே தனியாருக்குத் திருப்ப முடிகிற ஊரில் குடிநீர்க் குழாயைத் திருப்புவது பெரிய காரியமா?

மலைத் தண்ணிக்கு அப்ரூவல் கிடையாது தோழர்களே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் பதினேழு வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. 2023 டிசம்பர் மழையில் தென் மாவட்டங்கள் எப்படிக் கிடந்தன என்பதை நாடே பார்த்தது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஓடையும் குளமும் வயலும்தான் இடம். வயல் என்பது வெறும் நெல்லு விளையிற இடமில்லை. மழையை வாங்கி வைத்துக்கொள்கிற இடமும் அதுதான். அதை மேடாக்கிக் கல் நட்டால், தண்ணி தாழ்வான இடம் பார்த்துப் போகும். ஊரில் தாழ்வான இடம் எது, அங்கே குடியிருப்பது யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சராசரி என்கிற மோசடிக்கு வருவோம்.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்கம் வேண்டாம். தலைமடைக்காரன் வயிறு நிறையக் குடித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணி. சிற்றாற்றுப் பாசனத்திலும் அப்படித்தான், குடிநீர்க் குழாயிலும் அப்படித்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் முதலில் பெரிய தெருக்களைத் தொட்டுவிட்டு, நடுவில் ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சியது போக, மிச்சமிருக்கும் சொட்டைக் கொண்டுவந்து காலனியில் விடுகிறது. நூறு வீடு உள்ள ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்பது வீட்டில் ஆளுக்கு 85 லிட்டர். கடைசி இருபது வீட்டில் ஆளுக்கு 10 லிட்டர். சராசரி எவ்வளவு? சரியாக 70! ஏட்டில் ஊர் பாஸ். அதிகாரி ‘போதிய குடிநீர் வசதி உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அவர் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. அந்த இருபது வீட்டுக்காரி மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நிற்பாள்.

இந்தச் சராசரியின் மேல்தான் புது நகருக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள். இணைப்பு தலைமடையில் ஏறும், அழுத்தம் கடைமடையில் இறங்கும். நமக்கு வர வேண்டிய பாக்கியை எடுத்துத்தான் அவர்களுக்கு மனை அங்கீகாரம் எழுதப்படுகிறது. இதைத்தான் நாம் ஊரறியச் சொல்ல வேண்டும்.

இது ஏதோ நம் ஊரில் மட்டும் உள்ள கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்று ஒரு சின்ன ஊர். சுமார் 2,500 பேர், கறுப்பர்களே அதிகம். ஊரில் தார்ச்சாலை, பாதாளச் சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இருந்தது. தெருத் தெருவாக எண்ணிக்கொண்டு கறுப்பு மக்கள் நீதிமன்றம் போனார்கள். தார் போடாத தெருவைப் பார்த்த வீடுகளில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு கறுப்பர் வீடு. சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் 97 விழுக்காடு கறுப்பர் தெருக்களில். வெளிச்சம் அதிகமான புதுவகை விளக்குகள் அத்தனையும் வெள்ளையர் தெருவில். 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. ஒஹாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரை ஒட்டிய கோல் ரன் என்ற கறுப்பர் குடியிருப்புக்குப் பல பத்தாண்டுகளாகக் குடிநீர்க் குழாயே போடவில்லை. 2008இல் நடுவர் குழு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இரண்டு இடத்திலும் வென்றது ஆவேசம் மட்டுமில்லை. தெருவாரியான கணக்கு வென்றது.

அதே அமெரிக்காவிலிருந்து இன்னொரு பாடமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்து ராமப்போ ஊரில் 1969இல் ஒரு விதி போட்டார்கள். வீடு கட்டித் தள்ள வேண்டுமா? சாக்கடை, வடிகால், பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். பதினைந்து மதிப்பெண் இருந்தால்தான் அனுமதி. ஊர் தன் 18 ஆண்டுத் திட்டப்படி வசதி செய்யும் வரை காத்திரு, அல்லது சொந்தச் செலவில் செய்துவிட்டு வா. 1972இல் நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட விதிகள் பணக்கார ஊர்கள் ஏழைகளை வெளியே நிறுத்தும் வேலியாக மாறின என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது. 1975இல் நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம், மவுண்ட் லாரல் என்ற ஊரின் வழக்கில், மண்டல விதியைக் காட்டி ஏழைகளை வெளியே தள்ளக் கூடாது, அவர்களுக்கும் இடம் ஒதுக்குவது ஊரின் கடமை என்று சொல்ல வேண்டி வந்தது.

‘ஊர் தாங்காது’ என்ற சொல் அளவுகோலாகவும் இருக்கும், வேலியாகவும் இருக்கும். நமக்கு எப்போதும் வேலியைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டுமனைப் பட்டா கேட்டுப் போகிற நம் பெண்களுக்குக் கிடைக்கும் பதில் என்ன? “இங்க ஏதும்மா இடம்? ரோடு கிடையாது, தண்ணி கிடையாது, எல்லாம் குளத்துப் புறம்போக்கு.” நமக்கென்று வரும்போது மட்டும் தாங்குதிறன் கறாராக அளக்கப்படுகிறது. ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் ஒரு சட்டம் வந்தது, 31ஆம் எண் சட்டம். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலமெடுக்கும் சட்டங்களோடு சேர்த்து 2019 சூலையில் அது செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அரசு உயிர்ப்பிக்கும் சட்டம் கொண்டுவந்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. செத்துப் பிழைத்த அந்தச் சட்டத்தை வைத்துத் தென்காசியைச் சுற்றி எத்தனை ஏக்கர் எடுக்கப்பட்டது, தனியார் மனைக்கு எத்தனை ஏக்கர் மாற்றப்பட்டது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

நம்மைத் தூக்கி எறியும்போது இந்தத் தாங்குதிறன் கேள்வி காணாமல் போய்விடுவதையும் பார்க்கிறோம். சென்னையில் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே, நீர் தேங்கும் தாழ்நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பல்லாயிரம் குடும்பங்கள். பள்ளிக்கூடம் போதுமா, ஆஸ்பத்திரி உண்டா, பஸ் எத்தனை மணிக்கு என்று யார் அளந்தார்கள்? சேரியை ஊருக்குள் விடாமலிருக்க ‘வசதி இல்லை’. சேரியை ஊரைவிட்டு அனுப்ப வசதியே தேவையில்லை!

மனை வியாபாரத்துக்கோ மூன்றாவது சட்டம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் போட்டதா, கட்டணத்தைக் கட்டு, சரியாகிவிடும். சிறு மனை வாங்கி ஏமாந்து நின்ற ஏழைகளுக்கும் இதனால் நிவாரணம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விதியை மீறிக் கல் நட்டவனுக்கு வரன்முறை. புறம்போக்கில் ஓலை வேய்ந்தவனுக்கு ஜேசிபி.

தீர்மானம் போட்டால் தண்ணி வந்துவிடாது என்பதை நம் வரலாறு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் திறந்தவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஏட்டில் தாங்குதிறன் இருந்தது, குளத்திலும் தண்ணீர் இருந்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் தீண்டப்படாதோருக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் சென்னை மாகாணத்தில் 1924இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தார். தொண்ணூற்றெட்டு ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது. தொட்டியின் கொள்ளளவு மட்டும் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை.

தென்காசிக்கே வருவோம். 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனது இந்த மண்ணில்தான். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ‘உங்க தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் தரக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு’ என்று ஒரு கடைக்காரர் குழந்தைகளைத் திருப்பி அனுப்பியதை நாடே பார்த்தது. அந்தக் கடையில் மிட்டாய்க்குப் பஞ்சமா இருந்தது? பாட்டில் நிறைய இருந்தது. இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. அதிகாரியின் படிவத்தில் முதல் கேள்விக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.

அந்தப் படிவத்தில் கட்டம் இல்லாத இன்னும் சில சங்கதிகள் உண்டு.

ஒன்று, கை. தாங்குதிறன் என்றால் குழாய், தொட்டி, லாரி என்று எண்ணுகிறார்கள். கழிவை அள்ளுகிற மனிதரை யாரும் எண்ணுவதில்லை. புதிதாக ஆயிரம் பேர் வந்தால் அந்தக் குப்பைக்கும் சாக்கடைக்கும் எத்தனை தொழிலாளர் கூடுதலாகப் போட்டார்கள்? குற்றாலத்தில் சீசன் முடிந்து சனம் ஊருக்குப் போன பிறகு அந்த அழுக்கைக் கூட்டுவது யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. இழப்பீடு ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. ஒரு நகருக்கு அங்கீகாரம் கொடுக்கும்போதே அதன் செப்டிக் டேங்குகளை எந்த இயந்திரம் சுத்தம் செய்யும், எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் என்று எழுதி வாங்கவில்லை என்றால், இல்லாத அந்த இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு அருந்ததியர் உடம்பைத்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இரண்டு, கூலி. வயலை விற்றவனுக்குப் பணம் வந்தது. அந்த வயலில் நட்டு, களை பறித்து, அறுத்த பெண்களுக்கு என்ன வந்தது? இந்த மண் இன்னும் விவசாயத்துக்கு ஆகுமா என்று வேளாண்மைத் துறையிடம் கேட்கிறார்கள். இந்த மண்ணை நம்பி எத்தனை கூலிக் குடும்பம் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று, மண்ணின் பழைய கணக்கு. 1892இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் தீண்டப்படாதோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில்? அந்த மண்ணை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். பயன்பாடு மாற்றக் கேட்கும் சர்வே எண் ஒருகாலத்தில் டி.சி. நிலமாக இருந்ததா என்று பழைய ஆவணத்தைப் புரட்டிப் பார்க்காமல் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. ஒருமுறை மனையாகி முப்பது பேர் கைக்குப் போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய் மீட்பது?

நான்கு, பாதையும் சுவரும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள் நம் மக்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், காலனியை ஒட்டி எழுப்பியிருந்த தனியார் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 பேரைக் கொன்றது. ஒரு நகர் வரைபடத்தில் முப்பதடி ரோடு, பூங்கா, கடை எல்லாம் வரைந்திருக்கும். அதற்கு வெளியே இருக்கும் காலனி வரைந்திருக்காது. காலனிக்காரன் காலங்காலமாக வரப்பில் நடந்து போன சுடுகாட்டுப் பாதை வரைந்திருக்காது. வரைபடத்தில் இல்லாதது கொஞ்ச நாளில் தரையிலும் இல்லாமல் போகும்.

இதையெல்லாம் உள்ளாட்சியில் எதிர்த்துக் கேட்கலாமே, நமக்குத்தான் இடஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இதே மாவட்டத்தில் இன்று சேர்ந்திருக்கும் நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன், அருந்ததியர், 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். பொம்மையாக இருக்க மறுத்ததுதான் அவர் செய்த குற்றம். தீர்மானப் புத்தகத்தில் போடுகிற ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு விலை என்று மனை வியாபாரிக்கும் தெரியும், ஆதிக்க சாதிக்கும் தெரியும். தனி ஆளாக ஒரு தலைவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

அப்படியானால் புது நகரே வேண்டாம் என்கிறோமா? இல்லை. ஊர் விரியட்டும். நம் பிள்ளைகளும் படித்து, வேலைக்குப் போய், சேரியைவிட்டு வெளியே ஒரு வீடு வாங்கத்தான் போகிறார்கள். வாங்க வேண்டும். ‘வயலைக் காப்போம்’ என்று திடீரென்று பசுமை பேசுகிற பண்ணையார் பக்கமும் நாம் நிற்க முடியாது. அந்த வயலில் நமக்குக் குத்தகைகூடக் கொடுக்காதவர் அவர். நம் கோரிக்கை ஒன்றே ஒன்று: கணக்கைக் கடைமடையிலிருந்து தொடங்கு. யாருக்கு இன்னும் வந்து சேரவில்லையோ அவர்கள் பாக்கியை முதலில் எழுது. அதைத் தீர்த்த பிறகு மிச்சம் இருந்தால் அதுதான் இந்த ஊரின் தாங்குதிறன்.

இதன் அடிப்படையில் நாம் முன்வைப்பவை:

1. நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் குடிநீர், கழிவுநீர், வடிகால், பள்ளி, சுகாதார நிலையம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றின் நிலை தெருவாரியாக அளக்கப்பட வேண்டும். ஊர்ச் சராசரி செல்லாது. அறிக்கை தமிழில், காலனியின் பொது இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.

2. அதே குழாயில், அதே வடிகாலில் இருக்கும் காலனிகள் உரிய அளவை எட்டும்வரை புதிய இணைப்புக் கூடாது. அல்லது மனை போடுகிறவர் செலவில் அந்தப் பாக்கி வேலை முதலில் முடிய வேண்டும்.

3. ஒரு சாலையில், ஒரு ஓடையில் நிலுவையிலுள்ள எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். குற்றாலத்தைச் சுற்றி, சீசன் கூட்டத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

4. பஞ்சமி நிலமா, நீர்வழியா, பாதையா என்று பழைய ஆவணத்தோடு ஒப்பிட்ட சான்று இல்லாமல் கோப்பு நகரக் கூடாது.

5. கழிவகற்ற இயந்திரமும், நிரந்தர ஊதியமுள்ள தொழிலாளரும் தாங்குதிறனின் பகுதியாக எழுதப்பட வேண்டும்.

6. விதிப்படி பெரிய மனைப்பிரிவுகளில் பொது வெளிக்கு விடும் பத்து விழுக்காடு நிலம் பூட்டுப் போட்ட பூங்காவாகக் கூடாது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்க வேண்டிய பங்கு, அந்த வயலில் கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு முதலில் போக வேண்டும்.

இவை தானாக வராது. 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. நம் பங்கு நிதி எந்தத் தெருவில் குழாயாக மாறியது என்று கேட்க அது ஒரு பிடி. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இன்னொரு பிடி. நிலப் பயன்பாட்டு மாற்றக் கோப்பின் நகலைக் கேளுங்கள். நாளிதழின் மூலையில் பொடி எழுத்தில் வரும் ஆட்சேப அறிவிப்பைப் படிக்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு தோழரைப் பொறுப்பாக்குங்கள். ஆட்சேபம் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்களாகவே இருக்கிறார்கள். இனி காலனியிலிருந்தும் போக வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு குடமும் ஒரு கைக்கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பக்கத்துத் தெருக் குழாயில் அந்தக் குடம் நிறைய எத்தனை நிமிடம்? காலனிக் கடைசிக் குழாயில் எத்தனை நிமிடம்? எந்த நேரத்துக்குத் தண்ணி வருகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை? ஒரு வாரம் தொடர்ந்து எழுதுங்கள். தெருப் பெயர், தேதி, நேரம், நிமிடம். பெரிய படிப்பு வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிடும். பொம்பளையாட்களைக் கேட்டால் நீங்கள் எழுதும் முன்பே மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். அதைக் காகிதத்தில் ஏற்றி, தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, கிராம சபையிலும் நகராட்சிப் பகுதி சபையிலும் மாவட்ட ஆட்சியரின் மனுநீதி நாளிலும் வையுங்கள். ஷா ஊரின் கறுப்பு மக்கள் செய்தது இதைத்தான்.

‘போதிய வசதி உள்ளது’ என்று அடுத்த கோப்பில் எழுத ஒரு பேனா திறக்கும்போது, நம் தெருவின் நிமிடக் கணக்கு அந்த மேசையின் மேல் இருக்க வேண்டும்.